கொடையும் செவியறிவுறூஉவும்

அரசனைப் பாடுவதற்குப் புறப்பொருளில் வகுக்கப்பட்ட துறைகள் பல. அவற்றுள் வகுப்பறையில் பெரிதும் பேசப்படுவன கொடையைப் பற்றியனவே. பாரியின் தேரும் பேகனின் போர்வையும் அதியமானின் நெல்லிக்கனியும் மாணவர் நெஞ்சில் எளிதில் பதிந்துவிடுகின்றன. கொடுத்தவனுடைய கை தெரிகிறது. வாங்கியவனுடைய வாய் தெரிவதில்லை. அவ்வாயிலிருந்து பிறந்த துறை ஒன்று உண்டு. செவியறிவுறூஉ என்பது அதன் பெயர். தொல்காப்பியரும் அதனைக் குறித்துள்ளார். தேர்வுத்தாளில் திணையும் துறையும் எழுதி மதிப்பெண் பெறும் மாணவன், அத்துறையின் உள்ளே ஓர் அரசியல் கோட்பாடே அடங்கியிருப்பதை அறியாமல் பள்ளியை விட்டுச் செல்கிறான்.

துறையின் இலக்கணம் எளியது. அரசன் செவியில் அறத்தை அறிவுறுத்துவது. பாடுபவன் பெறுநன், கேட்பவன் தருநன். பொருள் அரசனிடமிருந்து புலவனுக்குச் செல்கிறது. அறிவுரை புலவனிடமிருந்து அரசனுக்கு வருகிறது. புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார், படைகொண்டு பெறும் வெற்றியும் உழவனின் கலப்பையால் விளைந்ததே எனச் சோழன் கிள்ளிவளவனுக்கு நினைவூட்டுகிறார். 184ஆம் பாடலில் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானையையும் வயலையும் காட்டி வரிகொள்ளும் முறையை விளக்குகிறார். அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்து நெல்லும் யானைக்குப் பல நாளுக்கு ஆகும். யானை தானே வயலில் புகுந்தால் தின்பதினும் மிதிபட்டு அழிவது மிகுதி.

இரண்டும் வரியைப் பற்றிய பாடல்கள் என்பது எண்ணத்தக்கது. மன்னனுக்குச் சோறு வயலிலிருந்து வருகிறது. ஆதலின் வயலின் சார்பாகப் பேசுபவனுக்கு அவன் செவி கொடுக்க வேண்டியவனாகிறான். தமிழ்ப் புலமையின் மீது கொண்ட காதலால் மட்டும் அச்செவி திறந்தது என்று சொல்லி மகிழ்வது நமது பழக்கம். வயிற்றுக்கும் அதில் பங்குண்டு.

அந்தச் சோறு வெளியிலிருந்து வருமானால் நிலைமை யாதாகும்? அயலார் ஒருவர் கருவூலத்தை நிரப்பி, அவரே அரசனுக்கு அறிவுரையும் சொல்லத் தொடங்கினால், அதனைச் செவியறிவுறூஉ என்று கொள்ளலாமா? அயலுதவியும் அரசியல் சீர்திருத்தமும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் எனப் பேசப்படும் இக்காலத்தில், முடியாட்சி நிலவும் அரபு நாடுகளை முன்வைத்து இவ்வினா மீண்டும் மீண்டும் எழுகிறது. அந்நாடுகளுக்குச் செல்லுமுன் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று அருகிலேயே உள்ளது. அது கிள்ளான் ஆற்றங்கரை.

1857இல் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் மேலேறிக் கோம்பாக் ஆறு கலக்கும் இடத்திற்கு வந்தனர். அவர்களை அனுப்புவதற்கான பணம் மலாக்கா வணிகர்களிடம் கடனாகப் பெறப்பட்டது. ஒரு மாதத்திற்குள் காய்ச்சலுக்கு இரையானவர் போக எஞ்சியவர் 18 பேர் என்பர். ஈயம் கிடைத்தது, அதன் பின்னே சண்டையும் வந்தது. 1867 முதல் 1874 வரை நடந்த கிள்ளான் போரில் ராஜா மஹாடி ஒருபுறமும், சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனான கெடா இளவரசர் தெங்கு குடின் மறுபுறமும் நின்றனர். தெங்கு குடினுக்குக் கைகொடுத்தோருள் சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்த ஜே. ஜி. டேவிட்சனும் ஒருவர். அவர் பணம் தந்தார். ஈயச் சுரங்க உரிமையை எதிர்நோக்கினார்.

1874 பிப்ரவரியில் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்கள் சூழ லங்காட் முகத்துவாரத்தில் சுல்தானைக் கண்டார். அதற்கு முந்தைய மாதம் பேராக்கில் கையெழுத்தான பாங்கோர் ஒப்பந்தம் புதியதொரு பதவியை உருவாக்கியிருந்தது. ரெசிடென்ட் என்பது அதன் பெயர். சமயமும் மலாய் மரபும் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையை மன்னர் கேட்க வேண்டும்; கேட்பதோடு அதன்படி நடக்கவும் வேண்டும். சிலாங்கூருக்கு வந்த முதல் ரெசிடென்ட் யார்? 1875இல் அப்பதவியில் அமர்ந்தவர் அதே டேவிட்சன். நேற்றுவரை கடன் கொடுத்தவர், இன்று அறிவுரை கூறுபவர். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை வரலாறு தருவது அரிது.

அவ்வாலோசனையால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. போர் அடங்கிற்று, சாலைகள் வந்தன, கடனடிமை முறை படிப்படியாக ஒழிந்தது. 1877இல் ஆட்சி மன்றம் அமைந்தது. சுல்தானின் பெயரால் கூடிய அம்மன்றத்தில் மலாய்ப் பெருமக்களும் சீனத் தலைவரும் அமர்ந்தனர். 1880இல் நிருவாகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடியது. மண் சுமந்தும் தண்டவாளம் பதித்தும் அவ்விருப்புப் பாதையில் தமிழர் உழைத்தனர். பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவரும் அவர்களே. தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த 1881க்குப் பின் அந்நகரைக் கட்டி எழுப்ப அங்குச் செங்கல் சூளைகள் எரிந்தன. அவ்வூரின் பெயரே அதற்குச் சான்று. ஆனால் ஆட்சி மன்றத்தில் அத்தொழிலாளியின் குரல் ஒலிக்க வழி வகுக்கப்படவில்லை. மன்றம் கேட்டது, ரெசிடென்ட் முடிவு செய்தார். அந்த 1877க்கும், நாடு தழுவிய முதல் பொதுத் தேர்தல் நடந்த 1955க்கும் இடையே 78 ஆண்டுகள் உள்ளன. சீர்திருத்தம் என்னும் சொல்லுக்குக் கணக்குப் புத்தகத்தைச் சீர்செய்தல் என்ற பொருளும் உண்டு என்பதை அவ்விடைவெளி உணர்த்துகிறது. கோலாலம்பூரில் ஆங்கில அரசு தன் அலுவல்களுக்காகக் கட்டி 1897இல் முடித்த மாளிகை இன்று சுல்தான் அப்துல் சமாட்டின் பெயரால் வழங்குகிறது. அச்சுல்தானோ பெரும்பாலும் லங்காட் பகுதியிலேயே வாழ்ந்தவர்.

கிள்ளானில் பழகிய கருவியைத்தான் அதே பேரரசு அரை நூற்றாண்டுக்குப் பின் பாலைவனத்திலும் பயன்படுத்தியது. முதல் உலகப் போரின் முடிவில் உதுமானியப் பேரரசு சிதறியபோது யோர்தான் ஆற்றின் கிழக்கே எவருடையது என்று தெளியாத நிலப்பகுதி ஒன்று எஞ்சியது. 1921 மார்ச்சில் ஹாஷிம் குலத்து இளவரசர் அப்துல்லாவை அங்கே ஆள்பவராக ஏற்க சர்ச்சில் இசைந்தார். எண்ணெய் இல்லை, ஆறென்று சொல்ல ஒன்றே, வரி தரத்தக்க ஊர்களும் சில. பிரிட்டன் மானியம் தந்தது; படைக்கும் பணம் தந்தது. அம்மான் நகரில் அமர்ந்து அறிவுரை கூறிய ஆங்கில அதிகாரியின் பதவிப் பெயரும் ரெசிடென்ட் என்பதே! 1928இல் ஓர் ஒப்பந்தமும் ஓர் அடிப்படைச் சட்டமும் பிறந்தன, சட்டமன்றமும் வந்தது. 1946இல் அந்நாடு விடுதலை பெற்றது. இன்று ஜோர்டான் என வழங்குவது அதுவே. விடுதலைக்குப் பின்னும் அதன் படைக்குத் தலைவராக 1956 மார்ச் வரை இருந்தவர் குளப் என்னும் ஆங்கிலேயர்.

இந்நாட்டின் பிற்கால வரலாற்றை ஒரு கேள்வியோடு படித்தால் போதும். கருவூலத்திற்கு அயற்பணம் தாராளமாக வந்த ஆண்டுகள் எவை? மக்களின் வாய் திறந்த ஆண்டுகள் எவை?

1952இல் ஜோர்டானுக்கு நல்லதோர் அரசியலமைப்புச் சட்டம் கிடைத்தது. 1956 அக்டோபரில் நடந்த தேர்தலின் பயனாக சுலைமான் நபுல்சியின் அமைச்சரவை அமைந்தது. அது பிரிட்டனின் மானியத்தை உதற விரும்பியது. அதற்கு ஈடு செய்வதாக 1957 ஜனவரியில் எகிப்தும் சிரியாவும் சவூதி அரேபியாவும் வாக்களித்தன. சவூதி தவிர மற்றவற்றின் வாக்கு ஏட்டளவில் நின்றது. மார்ச்சில் பிரிட்டனுடனான ஒப்பந்தம் முடிந்தது. ஏப்ரலில் மன்னர் ஹுசேனுக்கும் அமைச்சரவைக்கும் பிளவு முற்றி நபுல்சி விலகினார். இராணுவச் சட்டம் வந்தது, கட்சிகள் தடைசெய்யப்பட்டன. அம்மாதம் முடிவதற்குள் அமெரிக்காவிலிருந்து 1 கோடி டாலர் வந்தது. கொடுத்தவர் மாறினார், செவி திரும்பியிருந்த திசையும் அதனோடு மாறியது. அத்திசை மாஆன், கராக் முதலிய ஊர்களை நோக்கியதன்று.

பின்னர் எண்ணெய் விலை ஏறிய காலம். 1978இல் பாக்தாது மாநாட்டில் கூடிய அரபு நாடுகள் ஜோர்டானுக்கு ஆண்டுக்கு 125 கோடி டாலர் வீதம் பத்தாண்டுகளுக்குத் தருவதாக அறிவித்தன. சொன்னபடி முழுவதும் வரவில்லை. வந்ததே பெரும் பணம். 1967 போருக்குப் பின் பொதுத் தேர்தல் இன்றியே நாடு நடந்தது. அரசு வேலையும் மலிவு விலை எரிபொருளும் மானிய உணவும் கிடைத்தபோது, வாக்குச்சீட்டு எங்கே என்று கேட்போர் குறைவு. வரி கேளாத அரசனிடம் கணக்குக் கேட்பது எவருக்கும் எளிதன்று. நாகனார் அங்கே பிறந்திருந்தாலும் அவருக்குப் பேசுவதற்குப் பொருள் கிடைத்திராது. அவர் நிலத்தின் மேல் கடன் இருந்திராதே.

எண்ணெய் விலை வீழ்ந்தது. 1988இல் தினாரின் மதிப்பு சரிந்தது. 1989இல் ஜோர்டான் அனைத்துலக நாணய நிதியத்தின் வாயிலுக்குச் சென்றது. நிதியம் அறிவுறுத்தியது விலையேற்றத்தைத்தான், தேர்தலை அன்று. ஏப்ரலில் எரிபொருள் விலை உயர்ந்தவுடன் தெற்கே மாஆன் நகரில் கலவரம் மூண்டு பிற ஊர்களுக்கும் பரவியது. மன்னருக்கு என்றும் துணைநின்ற குடிகள் வாழும் பகுதி அது. மன்னர் அப்போது வாஷிங்டனில் இருந்தார். திரும்பி வந்து தலைமையமைச்சரை மாற்றினார். நவம்பரில் 22 ஆண்டுகளுக்குப் பின் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. 1992இல் கட்சிகள் மீண்டும் சட்டப்படி இயங்கலாயின.

ஜோர்டானின் வரலாற்றில் உண்மையான செவியறிவுறூஉ எதுவென்று கேட்டால், 1989 ஏப்ரலைச் சுட்ட வேண்டும். அது செய்யுளில் அமையவில்லை. கல்லெறிதலும் தீ வைப்பும் உயிர்ச்சேதமும் அதில் கலந்திருந்தன. அவற்றைப் புகழ வேண்டியதில்லை. ஆயினும் அயலார் பணம் குறைந்து அரசன் தன் குடிகளிடம் கைநீட்டிய அந்த ஆண்டில்தான் குடிகளின் சொல் அவன் செவியில் விழுந்தது. உதவி செய்து சீர்திருத்தம் வாங்கலாம் என்னும் மேலைநாட்டு அறிஞர் கொள்கைக்கு இந்நிகழ்ச்சி நேர்மாறான சான்று.

தொடர்ந்து நடந்தவையும் அவ்வாறே. 1993 தேர்தலுக்கு முன், நாடாளுமன்றம் கலைந்திருந்த வேளையில், வாக்களிக்கும் முறை ஆணையொன்றால் மாற்றப்பட்டது. எதிர்க்கட்சியின் இடங்கள் குறைந்தன. 1994இல் இஸ்ரேலுடன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமெரிக்கா தனக்கு வரவேண்டிய பெருங்கடனைத் தள்ளுபடி செய்தது. அவ்வொப்பந்தம் நன்றா தீதா என்பது இங்கே வினா அன்று. அதனை வேண்டாத குடிகளின் வாய் அடைபட்டபோது, கொடுத்தவர் எவரும் சீர்திருத்தத்தைப் பற்றி உரக்கப் பேசவில்லை என்பதே இங்கே கருதத்தக்கது. 1996இல் நிதியத்தின் சொற்படி ரொட்டி விலை ஏறியபோது கராக்கில் மீண்டும் கலவரம் நிகழ்ந்தது. 2011இல் அரபு நாடுகள் எங்கும் தெருக்கள் நிறைந்த ஆண்டில், வளைகுடா நாடுகள் ஜோர்டானுக்கு 500 கோடி டாலர் உதவி அறிவித்தன. அரசியலமைப்பிலும் திருத்தங்கள் செய்யப்பட்டன. அரசியலமைப்பு நீதிமன்றமும் பின்னர் அமைந்தது. அமைச்சரவையை அமர்த்துவதும் அகற்றுவதும் மன்னரின் உரிமையாகவே நின்றன.

இக்கொடைகளை என்ன பெயரிட்டு அழைப்பது? நாளிதழ்கள் ‘உதவி’ என்கின்றன; சிலபோது ‘நன்கொடை’ என்கின்றன. (2015க்குப் பிறகு, அரபு அரச குடும்பத்து நன்கொடை என்னும் தொடரைக் கோலாலம்பூரில் முகம் மாறாமல் கேட்போர் அரியர், அது வேறு கதை.) வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இச்சிக்கலைத் தீர்த்துவைத்துள்ளார். இல்லாதவர்க்குத் தருவதே ஈகை. மற்றவற்றுக்கு அவர் இட்ட பெயர் குறியெதிர்ப்பை. அளந்து கொடுத்து, அளந்தபடியே திரும்பப் பெறுவது. ஜோர்டானுக்குத் தரப்பட்டதில் பெரும்பகுதி குறியெதிர்ப்பையே. கொடுத்தவர் திரும்பப் பெற்றது நெல்லன்று. எல்லைக் காவல், படைத்தளம், ஒப்பந்தம், அமைதி. 2022இல் அமெரிக்கா ஆண்டுக்கு 145 கோடி டாலர் வீதம் ஏழாண்டுகளுக்குத் தருவதாகக் கையெழுத்திட்டது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் அயலுதவி பெரும்பாலும் ஒரே ஆணையால் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வுதவியை வழங்கி வந்த அமெரிக்க நிறுவனம் அவ்வாண்டு ஜூலையில் மூடப்பட்டது. கொடுத்தல் குறியெதிர்ப்பையாக இருந்தால் நிறுத்தலும் அவ்வாறே வணிகமாகும்.

இவ்விடத்தில் பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வருகிறார். அதியமான் தம்மை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்கவில்லை. பொருளுக்காகப் பாட்டை விற்கும் வணிகன் தாமல்லர் என்றார். தம் தகுதியறிந்து கண்டு கொடுத்தால் தினையளவே ஆயினும் போதும் என்றார். 208ஆம் புறப்பாட்டின் கருத்து அது. புலவரின் தன்மானம் என்று ஆசிரியர்கள் இதனைப் பாராட்டி முடிப்பர். பாராட்டத்தக்கதே. ஆனால் அதற்கு மேலும் ஒன்று உண்டு. பெற மறுக்கும் உரிமை இருந்தமையால்தான் அறிவுரை சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஜோர்டானுக்குக் கொடுத்தவர்கள் கண்டு கொடுத்தார்களா? நிலப்படத்தில் இஸ்ரேலுக்கும் ஈராக்குக்கும் சிரியாவுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கண்டார்கள். மாஆன் நகரத்துப் பார வண்டி ஓட்டுநரைக் கண்டதாகத் தெரியவில்லை.

இதனைக் கொண்டு, உதவியை நிறுத்தினால் மக்களாட்சி மலரும் என முடிவு கட்டுவது பெரும்பிழையாகும். அவ்வாறு வாதிடுவோரும் உளர். 1948இலும் 1967இலும் பாலஸ்தீனத்திலிருந்து வந்தவர்களுக்கு அச்சிறுநாடு இடம் தந்தது. 2011க்குப் பின் சிரியாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் வந்தனர்; 2012இல் திறந்த சாத்தாரி முகாம் ஒரு நகரமாகவே வளர்ந்தது. தண்ணீர்ப் பஞ்சம் மிகுந்த நாடுகளுள் அது ஒன்று. உதவி நின்றால் முதலில் வாடுவது அரண்மனையன்று. முகாமின் பள்ளிக்கூடமும் மருந்தகமும். மேலும், 1989இல் தேர்தலைத் தந்தது வறுமை அன்று. வறுமை பல நாடுகளில் கொடுங்கோலையே தந்திருக்கிறது. துப்பாக்கியால் மட்டும் விடை சொல்லாமல் குடிகளோடு பேச அம்மன்னர் துணிந்ததற்கும் அதில் பங்குண்டு. கிள்ளிவளவனும் நாகனாரைச் சிறையில் அடைத்திருக்கலாம், அடைக்கவில்லை. கேட்பவன் பெருமையையும் அத்துறை பாடுகிறது.

எனினும் கொடுப்பவர் தம் கொடைக்குச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டும்போது, கேட்க வேண்டியது ஒன்றே: இதனால் அரசனின் செவி தன் குடிகளுக்கு அருகில் வந்ததா, அகன்றதா? 1875இன் கிள்ளானுக்கும் 1957இன் அம்மானுக்கும் அகன்றது என்பதே விடை. 2024 செப்டம்பரில் ஜோர்டானில் நடந்த தேர்தலில் 138 இடங்களுள் 41 இடங்கள் கட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. எதிரணியிலுள்ள இஸ்லாமிய செயல் முன்னணி 31 இடங்களைப் பெற்றது. அது முன்னேற்றமே. ஆனால் வாக்களித்தவர் மூவரில் ஒருவர்க்கும் குறைவு. வராத இருவரும் யாருடைய செவியை நம்பவில்லை என்பதை ஆராய்ச்சி இன்றியே உணரலாம்.

புறநானூற்று 35ஆம் பாடலின் அடியில் பழைய குறிப்பு ஒன்று உள்ளது. நாகனார் பாடித் தம் நிலத்தின் மேலிருந்த பழங்கடன் நீங்கப் பெற்றார் என்று அது கூறுகிறது. பாடலில் அச்செய்தி இல்லை. சொன்னவர் சொன்னது மட்டுமே அதில் உள்ளது. கேட்டவன் கேட்டான் என்பதைப் பிறர் ஒருவர் எழுதி வைத்தார். 2018 மே மாத இறுதியில் ஜோர்டானில் வருமான வரிச் சட்ட முன்வரைவை எதிர்த்துத் தொழிற்கூட்டமைப்புகள் வேலைநிறுத்தம் செய்தன. ஆசிரியரும் மருத்துவரும் வழக்கறிஞரும் இரவுதோறும் அம்மானின் தெருக்களில் நின்றனர். ஜூன் 4ஆம் நாள் தலைமையமைச்சர் ஹானி முல்கி விலகினார். அடுத்து வந்த ஓமர் ரசாஸ் முன்வரைவைத் திரும்பப் பெற்றார். ஜூன் 11ஆம் நாள் மெக்காவில் கூடிய சவூதி அரேபியாவும் குவைத்தும் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளும் ஜோர்டானுக்கு 250 கோடி டாலர் உதவி அறிவித்தன. தெருக்கள் வெறிச்சோடின. ஆண்டு முடிவதற்குள் சில மாற்றங்களோடு வரிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.